அவள் உடல் உயரமானது

1493 நவம்பர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரீபியன் கடலுக்குள் நுழைந்தபோது, பச்சையும் மேகமுமாக ஒரு மலைத்தீவு கண்ணில் பட்டது. இறங்க நல்ல துறைமுகம் கிடைக்கவில்லை. கப்பல்கள் கடந்துபோயின. போகிற போக்கில் ஒரு பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்: டொமினிக்கா. ஞாயிறு என்று அர்த்தம். காலடிகூட வைக்காத ஒரு மண்ணுக்கு, அதைப் பார்த்த கிழமையைப் பெயராக வைப்பதற்கு எவ்வளவு அலட்சியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தீவில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். தீவுக்கு ஏற்கெனவே பெயரும் இருந்தது: வைட்டுக்குபுலி. ‘அவள் உடல் உயரமானது’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கடலில் படகு செலுத்தி வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே தெரிகிற, நின்ற கோலத்தில் இருக்கிற ஒரு பெண். (டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு. இந்தக் குழப்பத்தால் டொமினிக்காவுக்குப் போகவேண்டிய தபால்கள் வழிதவறுவது அந்த ஊர்க்காரர்களின் நிரந்தரப் புலம்பல்.)

வடக்கே குவாடலூப், தெற்கே மார்ட்டினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே இருக்கிறது டொமினிக்கா. பரப்பு 750 சதுர கிலோமீட்டர். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியை நான்கு மடங்காக எண்ணிக்கொண்டால் அதுவே சரியாக இருக்கும். மக்கள் ஏறத்தாழ 70,000 பேர். ஆனால் உயரம் 1,447 மீட்டர். முழுவதும் எரிமலை மண். கொதிக்கும் ஏரி ஒன்று இருக்கிறது, பெயரும் அதுதான். தட்டையான நிலம் இல்லாததால் பார்படோஸ், ஆன்டிகுவா போல இங்கே கரும்புத் தோட்டம் போட்டு முழுக் காட்டையும் அழிக்க வெள்ளையர்களால் முடியவில்லை. மற்ற தீவுகளில் துரத்தப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த மலை. 1748இல் பிரிட்டனும் பிரான்ஸும் இந்தத் தீவு யாருக்கும் வேண்டாம், நடுநிலையாக இருக்கட்டும் என்று ஒப்பந்தம்கூடப் போட்டன. 1763 வரைதான் அது நிலைத்தது.

இந்தத் தீவைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிற எவரும் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே ஒரு கதையைச் சந்தித்துவிடுவார்கள். கதை இதுதான். அமைதியான அராவக் மக்கள் இந்தத் தீவுகளில் வாழ்ந்தார்கள். தென் அமெரிக்கக் கரையிலிருந்து கரீப் என்ற மூர்க்கமான இனத்து ஆண்கள் படையெடுத்து வந்தார்கள். அராவக் ஆண்களைக் கொன்று தின்றுவிட்டு, பெண்களை மனைவிகளாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே ஆண்கள் ஒரு மொழியும் பெண்கள் வேறொரு மொழியும் பேசினார்கள்.

கேட்டவுடன் நம்பத் தோன்றுகிற கதை. ஆண்மொழி, பெண்மொழி என்ற வேறுபாடு உண்மையாகவே இருந்தது. 1640களிலும் 1650களின் தொடக்கத்திலும் டொமினிக்காவில் கலினாகோ மக்களோடு வாழ்ந்த ரேமோன் பிரெத்தோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஓர் அகராதி எழுதினார். அது 1665இல் அச்சானது. இந்தச் சொல் ஆண்கள் சொல்வது, இந்தச் சொல் பெண்கள் சொல்வது என்று பல இடங்களில் பிரித்தே குறித்திருக்கிறார். மதமாற்றம் செய்யப் போனவர் அதில் பெரிதாக வெற்றி பெறவில்லை, ஆனால் ஒரு மொழியை எழுதி வைத்துவிட்டார். அந்த அகராதி இல்லையென்றால் இன்று நமக்குப் பேச எதுவுமே மிஞ்சியிருக்காது.

பின்னாளில் மொழியியலாளர்கள் அந்த அகராதியைப் பிரித்து ஆராய்ந்தபோது கதை தலைகீழானது. அந்த மக்கள் பேசிய மொழியின் இலக்கணம், வினைச்சொல்லின் அமைப்பு, அடிப்படைச் சொற்கள் எல்லாமே அராவக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கரீப் குடும்பத்துச் சொற்கள் ஆண்கள் தங்களுக்குள் பேசும்போது மேலே போட்டுக்கொண்ட ஒரு போர்வை. ஆண் குழந்தை, பெண் குழந்தை எல்லாருமே அம்மாவிடமிருந்து கற்றது ஒரே மொழி. ஆண்கள் வளர்ந்த பிறகு, பெருநிலத்துக் கரீப் மக்களோடு வணிகமும் போரும் செய்யப் பயன்பட்ட சொற்களைத் தனியாகக் கற்றுக்கொண்டார்கள். ஆக, ‘பெண்மொழி’ என்று ஏட்டில் ஓரமாகக் குறிக்கப்பட்டதுதான் தீவின் மொழி. தனிவழக்கு என்று எதையாவது சொல்வதானால் ஆண்களின் பேச்சைத்தான் சொல்லவேண்டும். ஆனால் முந்நூறு ஆண்டுகளாகப் புத்தகங்கள் எப்படி எழுதின? மக்கள் கரீப்கள், மொழி கரீப் மொழி, பெண்கள் மட்டும் ஏதோ வேறு மாதிரிப் பேசுகிறார்கள். ஆண் பேசுவது மொழி, பெண் பேசுவது விதிவிலக்கு. நமக்குப் பழக்கமான கணக்குதான்.

படையெடுப்புக் கதையும் இன்று முன்புபோல் நிற்கவில்லை. கூட்டம் கூட்டமாக ஆண்கள் வந்து இறங்கி இன்னொரு இனத்தை அழித்ததற்கான தடயம் மண்ணைத் தோண்டியவர்களுக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கதை யாருக்குப் பயன்பட்டது என்பதற்குத் தடயம் தாராளமாக இருக்கிறது. 1503இல் ஸ்பெயினின் அரசி இசபெல்லா, மனிதரைத் தின்கிற கரீப்களைப் பிடித்து அடிமையாக விற்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அதன் பிறகு எந்தத் தீவில் ஆள் பிடிக்கவேண்டுமோ அந்தத் தீவில் கரீப்கள் இருப்பதாகச் சொன்னால் போதும். பெண்களைக் கவர்ந்து செல்லும் மூர்க்கர்கள் என்று கலினாகோ ஆண்களைப் பற்றி எழுதிய அதே பயணத்தில், மிக்கேலே தா குனேயோ என்ற கொலம்பஸின் நண்பர், தனக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட ஒரு கரீப் பெண்ணைக் கயிற்றால் அடித்துப் பலாத்காரம் செய்ததை 1495ஆம் ஆண்டுக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார். அவள் எதிர்த்தாள், நகத்தால் கீறினாள், அலறினாள் என்பதும் அவர் எழுதித்தான் நமக்குத் தெரிகிறது. அவள் பெயர் அதில் இல்லை.

பெயர் இல்லாமல் போன இன்னொருத்தியும் உண்டு. செயின்ட் கிட்ஸ் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய தாமஸ் வார்னர், டொமினிக்காவைச் சேர்ந்த ஒரு கலினாகோப் பெண்ணை அடிமையாக வைத்திருந்தார். அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அப்பா 1649இல் இறந்ததும் அந்த வீட்டில் அவனுக்கு இடமில்லாமல் போனது. அம்மாவின் தீவுக்கு ஓடிவந்து, தன் மக்களுக்குத் தலைவனானான். ஆங்கிலேயர் அவனை ‘இந்தியன் வார்னர்’ என்றார்கள். 1674இல் அவனுடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரனான பிலிப் வார்னர், அதாவது அதே தந்தையின் வெள்ளைக்கார மகன், படையோடு வந்தான். இந்தியன் வார்னரும் அவனுடைய ஆட்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரின் பெயர் இன்றும் மாசாக்கர், படுகொலை. பிலிப் மீது விசாரணை நடந்தது, விடுதலையும் ஆனான்.

அம்மா என்ன ஆனாள்? 1700இல் டொமினிக்காவுக்கு வந்த லபா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவளைச் சந்தித்திருக்கிறார். நூறு வயதைத் தாண்டியவள் என்கிறார். முதுகு வளைந்து போயிருந்தது, தலையில் முடி கொஞ்சம்தான், ஆனால் கண்ணில் ஒளி இருந்தது என்று எழுதுகிறார். தன் மக்களிடையே மதிப்போடு இருந்தாள். அவர் குறித்துவைத்த பெயர் ‘மதாம் உவெர்னார்’. வார்னர் என்பதன் பிரெஞ்சு உச்சரிப்பு. தன்னை அடிமையாக வைத்திருந்தவனின் பெயரை நூறு வயதிலும் சுமந்துகொண்டிருந்தவள், பிள்ளையைக் கொன்றவன் குடும்பத்தின் பெயரும் அதுவேதான். அவள் தாய் அவளை என்ன சொல்லி அழைத்தாள் என்று லபா கேட்டாரா என்று தெரியாது, எழுதவில்லை.

கலினாகோ மக்கள் அழிந்துவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அழிந்துபோன இனம் என்று எழுதுவது எழுதுகிறவர்களுக்கு வசதி. தீவின் வடகிழக்கில், அலை மோதும் அட்லாண்டிக் கரையில், 1903இல் 3,700 ஏக்கர் நிலம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. இன்றும் சுமார் 3,000 பேர் அங்கே இருக்கிறார்கள். நிலம் பொதுவானது, தனியாருக்கு விற்க முடியாது. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, நஞ்சை நீக்கி, அகலத் தட்டில் ரொட்டி சுடும் முறை இன்றும் இருக்கிறது. பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும் கிழங்கைச் சோறாக்குவது சாதாரண அறிவு இல்லை. அதைக் கண்டுபிடித்துத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியவர்கள் பெண்கள். லறூமா என்ற நாணலைப் பிளந்து பின்னும் கூடைகளும் அப்படியே. மொழி மட்டும் போய்விட்டது. 1920 வாக்கில் டொமினிக்காவில் அதைப் பேச ஆளில்லை. ஆனால் 1797இல் பக்கத்து செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து ஆங்கிலேயர் நாடுகடத்திய கரிஃபுனா மக்கள் ஹோண்டுராஸ், பெலீஸ் கரைகளில் அதே மொழியின் பேத்தியை இன்றும் பேசுகிறார்கள். ‘நான்’ என்பதற்கு ஆண் சொல் ‘அவு’, பெண் சொல் ‘நுகுயா’.

ஒதுக்கப்பட்ட நிலத்திலும் ஒரு முள் உண்டு. கலினாகோ ஆண் வெளியிலிருந்து பெண் எடுத்தால் அவள் அங்கே வந்து வாழலாம். கலினாகோப் பெண் வெளியாளைக் கட்டினால் அவள்தான் வெளியேறவேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய வழக்கம். நிலம் பறிபோய்விடும் என்ற அச்சம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை யார் தலையில் வைத்தார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1763க்குப் பிறகு பிரிட்டன் தீவைத் துண்டுபோட்டு விற்றது. காபி, பிறகு கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கில் மனிதர்கள் இறக்கப்பட்டார்கள். அடிமைத்தாயின் வயிற்றில் பிறந்த குழந்தை அடிமை, தகப்பன் யாராயிருந்தாலும் சரி என்பது சட்டம். ஒரு பெண்ணின் கருப்பையே முதலாளியின் சொத்து வளரும் இடமானது. ஆனால் டொமினிக்காவில் மலை இருந்தது. தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் உள்காட்டில் முகாம் போட்டார்கள். பல்லா, ஜாக்கோ என்று தலைவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. அந்த முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள், சரிவுகளில் கிழங்கும் வாழையும் பயிரிட்டார்கள், அந்தப் பயிர் இல்லாமல் பல பத்தாண்டுகள் எவனும் போர் நடத்தியிருக்க முடியாது. ஆளுநர் எய்ன்ஸ்லி இதைப் புரிந்துகொண்டிருந்தார். 1813–14இல் அவர் விட்ட அறிவிப்பு, ஆண் பெண் குழந்தை என்று பாராமல் பிடிபட்டவர்களைக் கொல்லச் சொன்னது. அவருடைய படைகள் முகாம்களின் தோட்டங்களையும் அழித்தன. இந்தக் கொடூரம் லண்டன் நாடாளுமன்றம் வரை பேச்சானது.

தோட்டத்தில் இருந்த பெண்களுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் பொழுது இருந்தது என்றால் அது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தங்கள் துண்டு நிலத்தில் விளைந்ததைத் தலையில் சுமந்து ரோசோ நகரத்துக்கு வந்து விற்றார்கள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, 1838இல் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரிலான நீட்டிப்பும் முடிந்த பிறகு, இந்த வணிகம் நின்றுவிடவில்லை. இன்றும் டொமினிக்காவின் ‘ஹக்ஸ்டர்’ பெண்கள் சேனைக்கிழங்கு, வாழை, கிச்சிலி, ஈரப்பலா என்று மூட்டை கட்டிக் கப்பலேறி குவாடலூப்புக்கும் ஆன்டிகுவாவுக்கும் போய் விற்றுவருகிறார்கள். 1979இல் டேவிட் சூறாவளி தீவைச் சுருட்டிப் போட்ட பிறகு அவர்கள் சங்கமும் வைத்தார்கள். பொருளாதார நூல்களில் டொமினிக்கா என்றால் ஏற்றுமதி வாழைப்பழம்தான். அந்தப் பழத்தையும் கப்பல்வரை தலையில் சுமந்தவர்கள் பெண்களே.

இங்கே நம் ஊர் வருகிறது. டொமினிக்காவின் தேசிய உடைக்கு ‘வோப் த்வியெத்’ என்று பெயர். வெள்ளைச் சட்டை, சரிகை உள்பாவாடை, மேலே கட்டம் போட்ட பாவாடை, தலையில் அதே துணியில் கட்டு. அந்தக் கட்டம் போட்ட துணியின் பெயர் மத்ராஸ். ஆமாம், நம் மெட்ராஸ்தான். சென்னையைச் சுற்றிய கைத்தறி ஊர்களில் நெய்த பருத்தித் துணி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டு, கரீபியனுக்கும் வந்து சேர்ந்தது. துணியை நெய்தவர் வீட்டில் நூல் சுற்றிய, தார் போட்ட பெண்ணுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. அதைத் தலையில் கட்டிய பெண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. பக்கத்துத் தீவுகளான மார்ட்டினிக்குக்கும் குவாடலூப்புக்கும் 1853, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களே கூலிகளாகப் போனார்கள். டொமினிக்காவுக்குத் துணிதான் போனது.

தலைக்கட்டின் முனைகளுக்கு ஒரு மொழி உண்டு என்பார்கள். ஒரு முனை நின்றால் மனம் காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் ஒருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது, மூன்று என்றால் கல்யாணமானவள். சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்ல அழகான விஷயம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வாரம் ஆறு நாளும் முதலாளி கொடுத்த முரட்டுத் துணியில் கிடந்த பெண், ஞாயிறன்று தன் கைக்காசில் வாங்கிய மஞ்சளும் சிவப்புமான துணியைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். நகரத்துக் கனவான்கள் இதை நாகரிகமில்லாத பாட்டிகளின் உடை என்று தள்ளியிருந்த காலத்தில், சிஸ்ஸி காடெரோன் என்ற பெண் 1960களில் அந்த உடையையும் கிரியோல் பாட்டுகளையும் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆண்டும் சுதந்திர நாள் கொண்டாட்டத்தில் இன்று அதற்கு ஒரு போட்டியே நடக்கிறது.

ஒரு சின்னத் தீவு இத்தனை எழுத்தாளப் பெண்களைத் தந்திருக்கிறது என்பதும் ஆச்சரியம்தான். 1890இல் ரோசோவில் பிறந்த ஜீன் ரீஸ், பதினாறு வயதில் இங்கிலாந்து போய், ஒரே ஒருமுறை 1936இல் திரும்பிவந்தவர். 1966இல் ‘வைட் சர்காசோ ஸீ’ நாவலில், ‘ஜேன் அயர்’ கதையில் மாடியில் பூட்டிவைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவிக்கு ஒரு பிறப்பையும் பெயரையும் கொடுத்தார். அந்த நாவலில் தேனிலவுத் தம்பதி மாசாக்கர் என்ற ஊர் வழியாகப் போகிறார்கள். இங்கே யார் கொல்லப்பட்டார்கள் என்று கணவன் கேட்கிறான், யாருக்கும் நினைவில்லை என்கிறாள் அவள். வெள்ளைக் கிரியோல் வீட்டுப் பெண்ணுக்கு நினைவில்லை. அந்தக் கரையில் இருந்த கறுப்பின, கலினாகோப் பெண்களிடம் அவன் கேட்கவில்லை.

ஃபில்லிஸ் ஷாண்ட் ஆல்ஃப்ரி இன்னொரு வகை. அவரும் வெள்ளைக் குடும்பம்தான். 1953இல் ‘தி ஆர்க்கிட் ஹவுஸ்’ என்ற நாவல் எழுதினார், கதையைச் சொல்பவர் அந்த வீட்டின் கறுப்பினத் தாதி லாலி. 1955இல் தொழிற்சங்கத் தலைவர் லோப்லாக்கோடு சேர்ந்து டொமினிக்கா தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1958இல் மேற்கிந்தியக் கூட்டாட்சி உருவானபோது அதன் ஒரே பெண் அமைச்சர். சில ஆண்டுகளில் அவர் தொடங்கிய கட்சியே அவரை வெளியேற்றியது. பத்திரிகை நடத்தி, வறுமையில் 1986இல் இறந்தார். அவருக்கு முன்பே 1940இல், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய எல்மா நேப்பியர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அப்படித் தேர்வான முதல் பெண் அவர். அந்தத் தேர்தலில் சொத்துள்ளவர்களுக்கே வாக்கு. கூடை சுமந்த பெண்ணுக்கு வாக்குரிமை 1951இல்தான் வந்தது.

பிறகு யூஜீனியா சார்லஸ். பெண்ணியம் பேசுகிறவர்களுக்குத் தொண்டையில் சிக்குகிற பெயர். 1919இல் பிறந்தவர். தீவின் முதல் பெண் வழக்கறிஞர். அரசை விமர்சித்து எழுதுவதையே குற்றமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத்தான் அரசியலுக்கு வந்தார். 1980இல் ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளின் முதல் பெண் பிரதமரானார், 1995 வரை பதினைந்து ஆண்டுகள் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ராஸ்தஃபாரியன் இளைஞர்களைக் கண்ட இடத்தில் வேட்டையாட வழிசெய்த முந்தைய ஆட்சியின் கொடுஞ்சட்டம் அவர் காலத்தில்தான் நீங்கியது. 1981இல் கு க்ளக்ஸ் கிளான் ஆட்களும் கூலிப்படையினரும் சேர்ந்து அவரைக் கவிழ்க்கத் திட்டமிட்டு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கப்பல் ஏறும் முன்பே பிடிபட்டார்கள். வெள்ளை இனவெறியர்களுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணின் குட்டித் தீவு அவ்வளவு எளிதாகத் தெரிந்திருக்கிறது.

அதே யூஜீனியா சார்லஸ்தான் 1983 அக்டோபர் 25 அன்று வாஷிங்டனில் ரீகன் பக்கத்தில் நின்று, பக்கத்துத் தீவான கிரனடாவுக்குள் அமெரிக்கப் படை இறங்கியதை நியாயப்படுத்தினார். கிரனடாவின் புரட்சி அரசு தன் பிரதமர் மாரிஸ் பிஷப்பையே சுட்டுக்கொன்றிருந்தது, அவரோடு கல்வி அமைச்சர் ஜாக்குலின் க்ரெஃப்ட் என்ற பெண்ணும் கொல்லப்பட்டார். சார்லஸின் அச்சம் பொய்யல்ல. ஆனாலும் அந்தப் புகைப்படம் உலகத்துக்குச் சொன்ன செய்தி வேறு: வல்லரசு தானாக வரவில்லை, ஒரு கறுப்பினப் பெண் அழைத்துத்தான் வந்தது. அவரை ‘இரும்புப் பெண்மணி’ என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆண்கள் எழுதிவைத்த ஆட்டத்தை ஆண்களைவிடத் திறமையாக ஆடும் பெண்ணுக்குக் கிடைக்கிற பட்டம் அது. நமக்கும் அத்தகைய தலைவிகளைத் தெரியும். அவரைக் கொண்டாடவும் முடியாது, ஒரே வரியில் ஒதுக்கவும் முடியாது. அவர் வழக்காடிய காலத்தில் நீதிமன்றத்துக்கு வந்த ஏழைப் பெண்களின் கண்ணால் அவரைப் பார்த்தால் இன்னொரு வரலாறு கிடைக்கலாம்.

2017 செப்டம்பர் 18 இரவு மரியா சூறாவளி டொமினிக்காவின் மேல் நேராக ஏறியது. பெரும்பாலான வீடுகளின் கூரை போனது. சேதத்தின் மதிப்பு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். காடு ஒரே இரவில் இலையில்லாமல் பழுப்பாக நின்றது. மரவள்ளி மண்ணுக்குள் இருந்ததால் பிழைத்தது. கிழங்கு பயிரிட்ட பாட்டிகள் ஏன் அதை விடாமல் வைத்திருந்தார்கள் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

2023 அக்டோபரில் சில்வானி பர்ட்டன் டொமினிக்காவின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கலினாகோவும் அவரே. மறு ஆண்டு கலினாகோ மக்களின் தலைமைப் பதவிக்கும் முதல்முறையாக ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் பதவியில் அதிகாரம் குறைவு என்பது உண்மைதான்.

தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஆழ்கடலில், ஆண்டு முழுவதும் தங்கி வாழும் திமிங்கிலங்கள் இருக்கின்றன. எண்ணெய்த் திமிங்கிலங்கள். பாட்டி, மகள், பேத்தி என்று பெண்களும் குட்டிகளும் கூட்டமாக வாழ்பவை. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். டிக் டிக் என்ற ஒலிகளின் அடுக்கால் பேசிக்கொள்கின்றன. இந்தக் கடலின் திமிங்கிலங்களுக்கென்று ஒரு தனி ஒலிவழக்கு உண்டு என்றும், குட்டிகள் அதைத் தாய்க்கூட்டத்திடமிருந்து கற்றுக்கொள்கின்றன என்றும் இருபது ஆண்டுகளாக அங்கே பதிவுசெய்துவரும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2023இல் அரசு அந்தக் கடலில் சுமார் 800 சதுர கிலோமீட்டரை அவற்றுக்கான காப்பகமாக அறிவித்தது. தீவின் நிலப்பரப்பைவிடக் கொஞ்சம் பெரிய இடம்.